பாய்லரை நிறுத்துகிறேனா, நிறுத்திவிட்டாரா: ஸ்பானிய டிவி பார்த்துக் காது பழக்கிய ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரம். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டம் ஒன்றின் எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் போர்மேன், நாற்பதை நெருங்கும் வயது. வீட்டில் தமிழ், ஆலையில் மலாய், மேனுவலைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம். கொலம்பியாவின் வடபகுதியில் உள்ள ஓர் ஆலையில் பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் ஸ்க்ரூ பிரஸ் பொருத்தி, ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்பும் குழுவில் அவர் பெயர் இருந்தது. அமெரிக்கக் கண்டங்களில் செம்பனை எண்ணெய் அதிகம் எடுக்கும் நாடு கொலம்பியா. மலேசிய ஆலைக்காரர்கள் அந்தப் பக்கம் போவது வியப்பான செய்தியில்லை. அங்கே பிரஸ் ஓட்டுகிறவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல்.

அவர் தேர்ந்தெடுத்த வழி டிவி. சுங்கை சிப்புட்டில் ஸ்பானிய வகுப்பு இல்லை. நைட் சிப்ட் வேலைக்காரருக்கு ஈப்போவில் வகுப்பு இருந்தாலும் பயனில்லை. கூரையில் இருக்கும் அஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவித் தட்டும் உதவவில்லை, எல்லாம் இணையத்தில்தான். நெட்ஃபிளிக்ஸில் ஸ்பெயினின் கொள்ளைக்கூட்டத் தொடர் ஒன்றை மலாய் சப்டைட்டிலோடு முழுக்கப் பார்த்தார், பிறகு இன்னொன்றையும் பார்த்தார். கதை அத்தனையும் சொல்வார். அதே தொடரில் இரண்டு நிமிடக் காட்சியைச் சப்டைட்டில் இல்லாமல் போட்டால் வணக்கமும் நன்றியும் தவிர எதுவும் பிடிபடவில்லை.

இது அவருக்கு மட்டும் நேர்ந்த குறையல்ல. தெரிந்த மொழியில் எழுத்து ஓடினால் மூளை அதை முந்திப் படித்துவிடுகிறது. வசனம் முடியும் முன்பே பொருள் கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு காதுக்கு வேலையே இல்லை, அது தூங்கிவிடுகிறது. மலாய் சப்டைட்டிலோடு பார்க்கும் நேரம் பொழுதுபோக்கு. அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. "கேட்டுக்கொண்டே இருந்தால் தானாக ஏறிவிடும்" என்று சொல்பவர்களை நம்பி வீணாகும் மாதங்கள் பல.

முதல் பரிசோதனை: எங்கே தவறுகிறது

அவருக்குப் பயிற்சியில் உதவிய நாங்கள் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை எடுத்தோம். சப்டைட்டில் கிடையாது. நான்கு ஐந்து சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி, காதில் விழுந்ததை எழுத வேண்டும். எழுதி முடித்ததும் ஸ்பானிய சப்டைட்டிலோடு ஒப்பிட்டு, தவறிய ஒவ்வொரு சொல்லையும் மூன்றில் ஒரு கூடையில் போட வேண்டும். முதல் கூடை, அறவே தெரியாத சொல். இரண்டாவது, எழுத்தில் பார்த்தால் தெரியும் ஆனால் காதில் பிடிபடாத சொல். மூன்றாவது, காதில் பிடிபட்டும் பொருள் தாமதமாக வந்ததால் அடுத்த சொற்களை இழக்க வைத்த சொல்.

மூன்றுக்கும் மருந்து வேறு. முதல் கூடைக்குச் சொற்பட்டியல். மூன்றாவதற்கு எளிய நிகழ்ச்சிகளை நிறையப் பார்ப்பது. இரண்டாவதற்கு மட்டுமே ஒரே துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும் கடும்பயிற்சி. கற்பவர்கள் பெரும்பாலும் தங்கள் குறை முதல் கூடையில் இருப்பதாக நினைத்துப் பட்டியலை மனப்பாடம் செய்வார்கள். இவருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒப்பிட்டுப் பார்த்தபோது நிறைந்து வழிந்தது இரண்டாவது கூடை.

வேகம் ஒரு காரணம். 2011-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வின்படி ஸ்பானியம் நொடிக்கு 7.82 அசை, ஆங்கிலம் 6.19. ஆனால் வேகத்தைக் குறைத்தும் சில சொற்கள் பிடிபடவில்லை. அதற்கான காரணம் தமிழ்க் காதின் பழக்கத்தில் இருந்தது.

தமிழ்க் காதுக்கு எளிது எது, கடினம் எது

எளிதிலிருந்து தொடங்கலாம். வினை விகுதியே ஆளைக் காட்டும். 'பேசுகிறேன்' என்றால் 'நான்' தேவையில்லை. ஸ்பானியத்திலும் எழுவாயை விட்டுவிடுவார்கள். த ஒலி பல்லில் பட்டே பிறக்கிறது. அதே இடத்தில் பிறக்கும் d ஒலி இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் மெலிகிறது: 'கதை'யில் உள்ள த போல. 'எல்லாம்' என்பதற்கான சொல்லைத் தமிழில் 'தோதொ' என்று எழுதிப் பழக்கப்படி வாசித்தாலே முதல் த வல்லோசையாகவும் இரண்டாவது மெல்லோசையாகவும் வந்துவிடும். இதற்காக மாதக்கணக்கில் உழைக்கும் ஆங்கிலக்காரர்கள் உண்டு. மேசை, அலமாரி, மேஸ்திரி, ஆயாக் கொட்டகையின் ஆயா ஆகியவை போர்த்துகீசியம் வழி வந்து ஸ்பானியத்திலும் உறவு உள்ள சொற்கள். மலாயின் பெண்டேரா, துவாலா, கெமேஜா ஆகியவையும் அப்படியே. முதல் வாரத்து ஊக்கத்துக்கு இவை போதும். அதற்கு மேல் இவற்றால் பெரிய இலாபம் இல்லை.

கடினமானது அழுத்தம். ஸ்பானியத்தில் எந்த அசை அழுத்தப்படுகிறது என்பதை வைத்துப் பொருளே மாறும். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது. அதனால் காது அதைக் கவனிக்கப் பழகவில்லை. 'நிறுத்துகிறேன்', 'அவர் நிறுத்திவிட்டார்' இரண்டுக்கும் ஸ்பானியத்தில் ஒரே எழுத்துகள்தான். முதலாவதில் நடு அசைக்கு அழுத்தம், இரண்டாவதில் கடைசி அசைக்கு. எழுத்தில் கடைசி உயிரின் மேல் ஒரு கோடு விழும். பாய்லர் அறையில் நின்று ஒருவர் இதைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாய்லரை இப்போதுதான் நிறுத்தப் போகிறாரா, வேறொருவர் ஏற்கெனவே நிறுத்திவிட்டாரா? ஆபத்து வருவது இந்த இடத்தில்.

இவருடைய நோட்டில் இரண்டு சொற்களும் 'அபாகோ' என்றே எழுதப்பட்டிருந்தன. வழக்கமான ஒலிபெயர்ப்பு முறை அழுத்தம் இல்லாத உயிரையும் பல இடங்களில் நெடிலாக்கிவிடுகிறது. அழுத்தம் காணாமல் போகிறது. மாற்று ஏற்பாடு கைவசமே இருந்தது. அழுத்தம் உள்ள உயிரை மட்டும் நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் எழுதினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது: 'அபாகொ' என்றால் நான் நிறுத்துகிறேன், 'அபகோ' என்றால் அவர் நிறுத்திவிட்டார். 'ஆப்லொ' பேசுகிறேன், 'அப்லோ' பேசினார். ஸ்பானியத்தில் அழுத்தம் பெற்ற உயிர் சற்றே நீளும் என்பதால் குறில் நெடிலுக்குப் பழகிய காது அந்தச் சிறு நீளத்தைப் பற்றிக்கொள்கிறது. பேசும்போது முழு நெடிலாக இழுத்தால் விகாரமாக இருக்கும். கேட்பதற்கு மட்டுமே இந்த ஊன்றுகோல். ஸ்பானிய எழுத்துக்கு மேல் உள்ள கோட்டைக் கண் தானாகப் பார்க்கத் தொடங்கியதும் தமிழில் எழுதுவதையே நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது புணர்ச்சி. தமிழில் உயிர் முன் உயிர் வந்தால் ய், வ் நடுவில் நுழையும், இல்லையென்றால் உகரம் கெடும். ஸ்பானியத்தில் இரண்டு உயிர்களும் நெருங்கி ஒரே அசையாகிவிடும். 'பாய்லர் நின்றிருக்கிறது' என்று பொருள்படும் 'ல கல்தேர எஸ்தா அபகாத' என்னும் நான்கு சொல் வாக்கியம் 'லகல்தேரெஸ்தாபகாத' என்று ஒரே மூச்சில் வருகிறது. சொல் முடியும் இடத்தில் இடைவெளியைத் தேடும் காது இங்கே தோற்கும். வேகத்தைக் குறைத்தாலும் உயிர்கள் பிரியாது. ஒன்றான அசை இன்னும் நீளமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

சின்னப் பொறிகள் சில உண்டு. எழுத்தில் வ போலத் தெரிவதை ப ஒலியாகவே சொல்வார்கள். சப்டைட்டிலைப் பார்த்து 'வாமொஸ்' என்று எதிர்பார்ப்பவருக்கு 'பாமொஸ்' பிடிபடாது. ஒற்றை ர, இரட்டை ர வேறுபாடு பொருளை மாற்றும். பேச்சில் ர, ற இரண்டையும் ஒன்றாகவே சொல்லும் நம்மவர் இதைத் தனியாகப் பழக வேண்டும்.

கருவியும் ஏற்பாடும்

லயத்து வீட்டில் துத்தநாகக் கூரை. மாலை மழை பிடித்தால் டிவி ஸ்பீக்கரில் முதலில் மறைவது ஸ, ஃப போன்ற உரசல் ஒலிகள். அவற்றுள் ஸ் ஒலிதான் பன்மையையும் ஆளையும் காட்டுவது. எனவே வயர் உள்ள இயர்போன். ப்ளூடூத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டால் சில கருவிகளில் ஒவ்வொரு முறையும் முதல் அசை விழுங்கப்படுகிறது.

ஒலித்தடத்தில் 5.1 என்று இருப்பதை எடுக்க வேண்டாம். இரண்டு ஸ்பீக்கருக்கு அதைச் சுருக்கும்போது பேச்சு அடங்கிப் பின்னணி இசை எழும். ஸ்டீரியோ போதும்.

நெட்ஃபிளிக்ஸில் கற்பவருக்கென்று தனி புரொஃபைல் திறந்து அதன் மொழியை ஸ்பானியமாக மாற்றிவிடுவது நல்லது. கணக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் ஸ்பானிய சப்டைட்டில் பட்டியலில் வராமல் போகலாம். தோட்டத்து லயத்தில் கைப்பேசி அலை மெலிவு. டவுனில் வைஃபை கிடைக்கும் இடத்தில் டவுன்லோடு செய்துகொண்டு போவதுதான் நடைமுறை. டவுன்லோடில் எல்லா மொழியும் வராது, புரொஃபைலுக்குப் பொருந்துபவை மட்டும் வரும். எனவே மொழியை மாற்றிய பிறகே டவுன்லோடு. டவுன்லோடு செய்யாமல் கைப்பேசி டேட்டாவில் நேரடியாகப் பார்த்தால், தானியங்கி அமைப்பில் 1 ஜிபிக்குச் சுமார் 4 மணி நேரம் ஓடும், டேட்டா சேமிப்பு அமைப்பில் சுமார் 6 மணி நேரம். படம் மங்கினால் பரவாயில்லை.

சப்டைட்டில் தேர்வில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கொரியத் தொடரோ ஹாலிவுட் படமோ ஸ்பானிய டப்பிங்கில் கேட்டு, ஸ்பானிய சப்டைட்டிலும் போட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. டப்பிங்குக்கு உதட்டசைவுக்கு ஏற்ப ஒரு மொழிபெயர்ப்பு, சப்டைட்டிலுக்கு இடத்தைச் சுருக்க இன்னொன்று. காதில் ஒன்று, கண்ணில் ஒன்று என்றால் பயிற்சியே கெடும். ஸ்பானியத்திலேயே எடுக்கப்பட்ட தொடரும், செவிக்குறை உள்ளோருக்கான 'சிசி' குறியிட்ட சப்டைட்டிலுமே வேண்டும். யூடியூபின் தானியங்கி வரிகள் ஊர்ப் பெயர்களிலும் ஆள் பெயர்களிலும் தடுமாறும். செய்தி வாசிப்புக்கு ஓரளவு நம்பலாம்.

கணினி உள்ளவர்களுக்கு க்ரோமில் 'லாங்குவேஜ் ரியாக்டர்' என்ற இணைப்பு உண்டு. ஒவ்வொரு வரியும் முடிந்ததும் தானே நிறுத்தும், ஒரே விசையில் அந்த வரியைத் திரும்பச் சொல்லும். வேகத்தை 0.75-க்குக் கீழே இறக்காதீர்கள்; அதற்குக் கீழே எல்லா உயிரும் இழுபட்டு அழுத்தத்தின் அடையாளம் அழிந்துவிடுகிறது.

எந்த நாட்டு டிவி

ஸ்பெயின் தொடரைக் கைவிடச் சொன்னோம். 'நீங்கள் எல்லோரும்' என்பதற்கு அங்கே ஒரு தனிச்சொல், தனி விகுதி. கொலம்பியாவில் அது வழக்கில் இல்லை. ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஒலியும் லத்தீன் அமெரிக்காவில் கிடையாது. போகும் நாட்டின் பேச்சைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கொலம்பியத் தொடர்களில் தலைநகர் பொகோட்டாவின் பேச்சு தெளிவானது, ஸ் ஒலியை விழுங்காது. 1999 முதல் 2001 வரை ஓடிய 'யோ சோய் பெத்தி, லா ஃபெயா' போன்ற அலுவலகத் தொடர் நல்ல தொடக்கம்: ஒரே கட்டடம், அதே பத்துப் பதினைந்து குரல்கள், கடன், கணக்கு, மீட்டிங் என்று வேலையிடத்துப் பேச்சு. நெடுந்தொடர் என்பதே ஒரு வசதி. முதல் பத்து எபிசோடு குரலுக்குப் பழகவே போய்விடும். எட்டு எபிசோடில் முடியும் தொடரில் பழகுவதற்குள் படமே முடிந்துவிடும். பொகோட்டாவில் நண்பர்களும் குடும்பத்தாரும்கூட மரியாதை வடிவத்தையே பேசுவதைக் கவனிக்கலாம். போர்மேனுக்கு இது நிம்மதி: அந்த ஒரு வடிவத்தை மட்டும் வாயில் ஏற்றிக்கொண்டால் யாரிடமும் தவறாகாது.

செய்திக்கு நேரக் கணக்கு உண்டு. பொகோட்டா நமக்கு 13 மணி நேரம் பின்னே. ஆண்டு முழுதும் மாறாது. அங்கே இரவு 7 மணிச் செய்தி இங்கே மறுநாள் காலை 8 மணி. நைட் சிப்ட் முடித்து வந்து பசியாறும் நேரத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஸ்பெயின் பொதுத் தொலைக்காட்சியின் பிற்பகல் 3 மணிச் செய்தி கோடையில் நமக்கு இரவு 9, குளிர்காலத்தில் 10. ஆனால் இந்த வேலைக்கு அது இரண்டாம்பட்சம்.

செய்தியில் குறிவைத்தது எண்களை. 60, 70 இரண்டும் ஒரே ஓர் ஒலியில்தான் வேறுபடும்: 'ஸெஸேன்த', 'ஸெதேன்த'. 2-க்கும் 12-க்கும் வேறுபாடு 'தோஸ்', 'தோஸெ'. 3-க்கும் 13-க்கும் 'த்ரேஸ்', 'த்ரேஸெ'. பிரஷர் கேஜைப் பார்த்து ஒருவர் சொல்வதை இன்னொருவர் எழுதும் இடத்தில் இது விளையாட்டில்லை. பெசோ தொகைகள் பெரியவை. மலாயில் 'பிலியன்' என்பது அங்கே 'ஆயிரம் மில்லியன்'. 'பில்யோன்' என்று காதில் விழுந்தால் அது அதைவிட ஆயிரம் மடங்கு. தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி என்று எழுதுவதும் உண்டு: 3.500 என்று இருந்தால் அது மூவாயிரத்து ஐந்நூறு. திரையில் எண்ணைப் பார்க்காமல் காதால் எழுதி, பிறகு திரையைப் பார்த்துத் திருத்துவதே தினசரிப் பயிற்சியாக இருந்தது.

கால்பந்து வர்ணனையைத் தானே சேர்த்துக்கொண்டார். வேகம் அதிகம்தான், ஆனால் ஆட்டம் தெரிந்தவருக்கு அடுத்து என்ன சொல்வார்கள் என்று தெரியும். ஓய்வுக்கு நல்லது, உரையாடலுக்குப் பழக்காது.

ஒரு நாள் வேலை

மூன்று நிமிடத் துண்டு. முதல் சுற்று எழுத்தில்லாமல். இரண்டாம் சுற்று ஸ்பானிய சப்டைட்டிலோடு வரிவரியாக நிறுத்தி. காது தவறவிட்ட வரியை மட்டும் மூன்று நான்கு முறை. மூன்றாம் சுற்று மறுபடி எழுத்தில்லாமல். நான்காவது, பேசுபவருக்கு அரை நொடி பின்னால் வாய்விட்டுக் கூடவே சொல்லுதல். மொத்தம் இருபத்தைந்து நிமிடம். அதற்கு மேல் காது களைத்து, நினைவில் உள்ளதைக் கேட்டதாக நினைத்துக்கொள்ளும். எபிசோடின் மீதியை ஸ்பானிய சப்டைட்டிலோடு நிறுத்தாமல் பார்க்கலாம். மலாய்க்கு மட்டும் திரும்பக் கூடாது. அடுத்த எபிசோடின் தொடக்கத்தில் வரும் முன்கதைச் சுருக்கத்தைத் தாண்டாதீர்கள். நேற்றுக் கேட்ட வசனம் இலவசமாகத் திரும்ப வருகிறது.

அங்கி (Anki) என்னும் மனப்பாட அட்டைச் செயலியில் நாளுக்கு ஐந்து வரி, அதிகம் வேண்டாம். அட்டையின் முன்பக்கம் ஒலி மட்டும். பின்பக்கம் எழுத்தும் பொருளும். முன்பக்கத்தில் எழுத்தை வைத்தால் மறுபடி கண்ணுக்குத்தான் பயிற்சி.

நடுவழியில் சறுக்கியது

பொகோட்டா தொடர் பெரும்பாலும் பிடிபடத் தொடங்கியபின் எடுத்த சோதனைத் துண்டு, சேசார் மாநிலத்துச் செய்திப் பேட்டி. கிட்டத்தட்ட ஆரம்ப நிலைக்கே விழுந்துவிட்டார். குழு போகவிருந்ததோ அந்தப் பக்கம். கொலம்பியாவில் செம்பனை விளைவது பொகோட்டா மலைமேல் அல்ல. மெத்தா சமவெளி, சேசார், மக்தலேனா, சாந்தாந்தேர் போன்ற இடங்களில். சேசார் உள்ளிட்ட கரீபியன் கரையோர வட்டாரத்தில் அசை இறுதி ஸ் ஒலி மூச்சாகத் தேயும், பல நேரம் மறைந்தேவிடும். பன்மை போகும். 'நீ இருக்கிறாய்', 'அவர் இருக்கிறார்' இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். சப்டைட்டிலில் மட்டும் ஸ் இருக்கும். கண் பார்த்ததைக் காது கேட்டதாக எண்ணிவிடும். இதனால் இந்தக் கட்டத்தில் சப்டைட்டிலே தடையாகிறது.

தீர்வு தமிழ்ப் பேச்சிலேயே இருக்கிறது. 'வந்தாள்' என்பதைப் பேச்சில் 'வந்தா' என்கிறோம், 'வந்தான்' என்பதில் ன் தேய்ந்து மூக்கோசை மட்டும் நிற்கிறது, யாரும் குழம்புவதில்லை. மீதிக் குறிப்புகளிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். கரையோரப் பேச்சிலும் விகுதி தேய்ந்த இடத்தில் 'நீ', 'அவர்' போன்ற மூவிடப் பெயர்களை அதிகம் சொல்வார்கள். வினையின் வாலைத் தேடாமல் அதற்கு முன்னுள்ள பெயரைப் பிடிக்கச் சொன்னதும் நிலைமை மாறியது. ஓர் ஆதாயமும் உண்டு: 'தோஸ்' தேய்ந்து 'தோ' ஆகிறது, 'தோஸெ' அப்படியே நிற்கிறது, 2-ம் 12-ம் முன்னைவிடத் தெளிவு.

கேட்பதற்கு 1986-இல் தொடங்கிய தெலேகரீபெ என்னும் வட்டாரத் தொலைக்காட்சி பயன்பட்டது. ஸ்டூடியோ வாசிப்பைவிடத் தெருப் பேட்டிகள் முக்கியம். வாயேதுபார் நகரத்தில் 1968 முதல் நடக்கும் வாயெனாதோ இசைவிழா ஒளிபரப்பின் இடைப்பேச்சும் உதவியது.

டிவி தராதவை

ஆலைச் சொற்கள் எந்தத் தொடரிலும் வரவில்லை. குலைக்கு 'ரஸீமொ', பாய்லருக்கு 'கல்தேர', ஆலைக்குக் கொலம்பியாவில் 'ப்லாந்த தெ பெனெஃபீஸ்யொ'. பழம் உதிர்ந்த வெறுங்குலையை அங்கே 'தூஸ' என்பார்கள். தொடர்களில் அதே சொல் காதல் தோல்வியின் துயரம், அதனால் முதலில் தவறான பொருளோடு மனத்தில் ஏறியிருந்தது. இவற்றுக்குச் செனிபால்மா என்னும் கொலம்பியச் செம்பனை ஆய்வு மையத்தின் பயிற்சிக் காணொளிகளே சரியான இடம். படத்தில் இருப்பது தினம் பார்க்கும் இயந்திரம் என்பதால் பொருளை யூகிக்கச் சிரமமே இல்லை. வரிசையை மாற்றி இதிலிருந்து தொடங்கியிருந்தால் இன்னும் விரைந்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

கடைசிச் சோதனையில் புதிய இரண்டு நிமிடத் துண்டில் இரண்டாவது கூடை வெகுவாகக் காலியாகிவிட்டது. முதல் கூடையில் மட்டும் சொற்கள் மிஞ்சின. வாய் பின்தங்கியே இருந்தது. கூடவே சொல்லும் பயிற்சி உச்சரிப்பைத் திருத்துமே தவிரப் பதில் சொல்லப் பழக்காது. அதற்குக் காணொளி அழைப்பில் ஓர் ஆள் வேண்டும், வாரம் இருமுறையாவது.

இரைச்சல் இன்னொன்று. டிவி ஒலி ஸ்டூடியோவில் சுத்தம் செய்யப்பட்டது. பிரஸ் பக்கத்தில் காதடைப்போடு நிற்பவருக்கு அந்தத் தெளிவு கிடைக்காது. அங்கே எண்ணையும் பாய்லர் நிலையையும் காதை நம்பி எடுக்கக் கூடாது. 'மெ ரெபீதெ?' என்று திரும்பச் சொல்லக் கேட்டு, பிறகு 'எஸ்க்ரீபலொ, போர் ஃபபோர்' என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியத்தையும் பாக்கெட் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு, பேனாவும் கையில் வைத்திருந்தார்.